கவைமேட்டுக் குற்றவாளி

முன்னொரு காலத்தில், தேசப்படம் வரைகிறவர்கள் வழி தெரியாமல் விட்டுவிட்டுப் போன ஒரு நாட்டில், செண்டலங்காரர் என்றொரு மன்னர் இருந்தார். இருந்தார் என்பது பேச்சுக்குத்தான். ஓரிடத்தில் அவர் இருந்து யாரும் பார்த்ததில்லை. சிம்மாசனத்தில் உட்கார்ந்தால் கால் ஆடும். எழுந்தால் நடப்பார். நடந்தால், எதற்கு நடக்கிறோம் என்று பாதியில் நின்று யோசிப்பார். அவருக்குக் குடை பிடிப்பவருக்கும் சாமரம் வீசுபவருக்கும் கெண்டைக்கால் கருங்கல்லாக இறுகிப் போயிருந்தது.

அப்படிப்பட்டவரிடம் தீர்த்த யாத்திரை வந்த ஒரு கைரேகைக்காரர், வலது உள்ளங்கையை விரித்துப் பார்த்து, "அரசே, தங்கள் ஆயுள் ரேகை இதோ இந்த இடத்தில் பிரிகிறது" என்றார். பிரிந்தால் நல்லதா கெட்டதா என்று அவர் சொல்வதற்குள் மன்னர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். கைரேகைக்காரர், தமக்குக் கொடுத்த மோரைக் குடித்துவிட்டுத் தன் வழியே போய்விட்டார்.

அன்றிலிருந்து மன்னர் வலது கையைத் திறக்கவில்லை. சோற்றை வேறொருவர் பிசைந்து ஊட்டினார். வீதியில் மக்கள் வணங்கினால் மூடிய முஷ்டியையே உயர்த்திக் காட்டினார். வணங்கியவர்கள் பயந்து சந்துக்குள் ஓடினார்கள். சில நாட்களில் பயம் கையிலிருந்து காதுக்கு ஏறிற்று. பிரிவது என்ற பேச்சு காதில் விழுந்தாலே தூக்கிவாரிப் போட்டது. கடைசியில் ஒரு நாள் குலவாளைத் தொட்டுக்கொண்டு சபையில் அறிவித்தார்.

"இன்று முதல் இந்நாட்டில் 'பிரி' என்ற சொல்லை எவரும் உச்சரித்தல் கூடாது. உச்சரித்தவர் நின்ற இடத்திலிருந்தே சிறைக்குச் செல்வார். நானே உச்சரித்தால் முடி துறப்பேன். இவ்வாணையை ஒருபோதும் திரும்பப் பெறேன்."

சபை கை தட்டியது. அந்தச் சபை எதற்கும் கை தட்டும். ஆனால் தலைமைப் புலவர் மதுரவாசகருக்குக் கை தட்டுவது மட்டும் போதவில்லை. மன்னர் அவருடைய பாட்டைக் கேட்டால் கொட்டாவி விடுவார். விகடகவி விடங்கன் தும்மினால்கூடச் சிரிப்பார். பல வருஷமாக இது புலவருக்கு நெஞ்செரிச்சல். மன்னரின் மனத்தில் இடம் பிடிக்க இப்போது ஒரு வாசல் திறந்திருக்கிறது.

"அரசே, ஒரு சொல்லை மட்டும் பிடித்து அடைத்தால் அதன் உறவுக்காரர்கள் வெளியே திரிவார்கள்" என்றார் புலவர். "மரம் கிளைக்கும். வழி கவர்க்கும். பாறை பிளக்கும். கூந்தலில் வகிடு எடுப்பார்கள். இடத்துக்கு ஒரு வேஷம், ஆள் ஒருவன்தான். அத்தனை பேரையும் நான் பிடித்துத் தருகிறேன்."

பிடித்துத் தந்தார். பழைய நிகண்டுகளைத் துருவி, இரண்டு வழிகள் விலகும் இடத்துக்குக் 'கவலை' என்றும் பெயருண்டு என்று கண்டு அதையும் சேர்த்தார். அதன் பிறகு அந்த நாட்டில் யாரும் யாரையும் பார்த்துக் கவலைப்படாதே என்று சொல்ல முடியாமல் போயிற்று. சொல்ல வேண்டிய தேவை மட்டும் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே வந்தது.

முதலில் மாட்டியவன் கூத்தாடி என்ற முரசறைபவன். கடைத்தெருவில் நின்று, "இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், சொல்லக் கூடாத சொற்களாவன" என்று தொடங்கி, ஒவ்வொன்றாக உரக்கச் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் காவலர்கள் வந்து அவனை முரசோடு தூக்கிப் போய்விட்டார்கள்.

விடங்கன் அன்று மாலையே மன்னரிடம் போனான். ஒல்லியான ஆள், நின்றால் ஒரு காலில்தான் நிற்பான், மற்றொரு கால் எங்கேயோ புறப்பட்டுக்கொண்டிருக்கும். மன்னரும் அவனும் பேசினால் இரண்டு பேரும் கூடத்தைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். கேட்பவர்களுக்குத்தான் கழுத்து வலிக்கும்.

"அரசே, கூத்தாடியின் வாயில் இருந்த சொற்கள் யாருடையவை?"

"என் ஆணையின் சொற்கள்."

"அப்படியானால் வாய் அவனுடையது, சொல் தங்களுடையது. இரண்டில் எதைச் சிறையில் வைப்பது என்று காவலர்கள் குழம்பி நிற்கிறார்கள்."

மன்னர் நடையை நிறுத்தி, சிரித்து, கூத்தாடியை விடுவித்தார். மறுநாள் முதல் கூத்தாடி, "சில சொற்களைச் சொல்லக் கூடாது, அவை எவை என்பதையும் சொல்லக் கூடாது" என்று மட்டும் அறிவித்துவிட்டு விறுவிறுவென்று நடந்தான். புலவருக்கு நெஞ்செரிச்சல் தொண்டை வரைக்கும் வந்தது.

மக்கள் சமாளித்தார்கள். பெண்கள் தலையில் வரப்பு போட்டுக்கொண்டார்கள். மரங்கள் கை நீட்டின. சாலை இரண்டாகும் இடத்துக்குப் "பாதைக்கும் பாதைக்கும் பேச்சுவார்த்தை முறிந்த இடம்" என்று பெயர் வந்தது. வழி கேட்டவன் அதைக் கேட்டு முடித்து ஊர் போய்ச் சேர இருட்டிவிடும்.

எல்லாம் ஆடி மாதம் வரைக்கும்தான். ஆடியில் புது வெள்ளம் வந்தது.

அந்த நாட்டுக்கு ஒரே ஆறு. தலைநகருக்கு மேற்கே கவைமேடு என்ற இடத்தில் அது வடகால், தென்கால் என்று இரண்டாகும். கோடையில் தண்ணீர் குறைந்ததும் தென்காலின் வாயை மண்ணும் வைக்கோலும் போட்டு ஒரு கரையால் அடைத்துவிடுவார்கள். இருக்கிற கொஞ்சம் தண்ணீரும் வடகால் வழியாகத் தலைநகருக்கு வரும். ஆடியில் புது வெள்ளம் வந்தவுடன் மன்னர் கவைமேட்டுக்கு வந்து, ஆற்றைப் பார்த்து, "ஆறே, பிரிந்து இருபுறமும் போ" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகே, கரையைக் காக்கிற கரைக்காரர் அதை வெட்ட மண்வெட்டியை எடுப்பார். அதுதான் வழிவழியாக வந்த முறை.

வேறு சொல்லில் சொல்லக் கூடாதா, கையால் காட்டக் கூடாதா என்றால் கூடாது. ஒரு காலத்தில் ஓர் இளவரசர் ஈ ஓட்டுவதற்குக் கையை வீச, அதை உத்தரவென்று எடுத்துக்கொண்ட கரைக்காரர் கரையை வெட்டிவிட்டார். கீழே ஒரு கல்யாணப் பந்தல் பாயசத்தோடு மிதந்து போயிற்று. அதிலிருந்து, மன்னர் வாயிலிருந்து அந்தச் சொற்களே வர வேண்டும் என்று கரைக்காரர்கள் பரம்பரையாகச் சத்தியம் செய்துகொண்டு வருகிறார்கள்.

இப்போது அந்தச் சொற்கள் மன்னர் வாயிலிருந்து வர முடியாது. வந்தால் முடி போகும்.

வெள்ளம் முழுவதும் வடகாலில் புகுந்தது. தலைநகரின் தாழ்ந்த தெருக்களில் முழங்காலளவு தண்ணீர். தென்காலிலோ நாற்றங்கால்கள் வெடித்துக் கிடந்தன. தென்கால் விவசாயிகள் மஞ்சளாகிப் போன நாற்றைக் கையில் பிடித்துக்கொண்டு அரண்மனை வாசலில் வந்து நின்றார்கள். என்ன வேண்டும் என்று கேட்டால் அதையும் அவர்களால் சொல்ல முடியவில்லை. நாற்றை உயர்த்திக் காட்டினார்கள்.

மன்னர் கூடத்தில் மேலும் கீழும் நடந்தார். "வழி சொல்லுங்கள். யாராவது வழி சொல்லுங்கள்."

மதுரவாசகர் இதற்காகவே காத்திருந்தார்.

"அரசே, எதற்கும் ஒரு விகடம் வைத்திருப்பவர் நம் விடங்கர். முரசறைபவனை மீட்டவருக்கு ஆற்றை மீட்பது பெரிதா? தென்காலில் தண்ணீர் ஓட அவரே வழி செய்யட்டும். ஆனால் தங்கள் ஆணை மீறப்படலாகாது. கரைக்காரரின் சத்தியமும் குலையலாகாது. நாளை பொழுது சாய்வதற்குள் நடக்காவிட்டால், சபையைச் சிரிக்க வைத்து ஏமாற்றியதற்காக அவர் இந்நாட்டை விட்டு நீங்கட்டும்."

மன்னர் விடங்கனைப் பார்த்தார். விடங்கன் விவசாயிகளின் கையிலிருந்த நாற்றைப் பார்த்தான். அவன் மனைவி செங்கமலத்தின் அண்ணன் நிலமும் தென்காலில்தான் இருந்தது.

"ஒப்புக்கொள்கிறேன் அரசே" என்றான். நாக்கு சும்மா இருக்காமல் இன்னொன்றையும் கேட்டது. "ஓர் ஐயம். அந்தச் சொல்லைச் சொன்னவனுக்குச் சிறை. அந்தக் காரியத்தைச் செய்தவனுக்கு?"

மன்னர் முஷ்டியை இன்னும் இறுக்கிக்கொண்டார். "சொல்வதே குற்றமென்றால் செய்வது அதைவிடப் பெருங்குற்றம். அவனையும் நின்ற இடத்திலிருந்தே கொண்டு செல்லட்டும்."

"யாராக இருந்தாலும்" என்று மதுரவாசகர் சேர்த்துக்கொண்டார். மன்னர் பேச்சுக்கு ஒரு வால் கட்டாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. "விசாரணையும் வேண்டியதில்லை."

விடங்கன் வீட்டுக்கு வந்து, அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் நடுவே நடந்தான். சபையில் அந்த ஐயத்தைக் கேட்டுவிட்டான், ஆனால் அதை எதற்குக் கேட்டான் என்று அவனுக்கே விளங்கவில்லை. செங்கமலம் சேதியைக் கேட்டாள். கேட்டுவிட்டுப் பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள்.

"எதுக்கு அது?"

"நாட்டை விட்டுப் போகணும்னு சொன்னீங்களே. கட்டவா வேண்டாமா?"

"இன்னும் தோக்கலைடி."

"ஜெயிக்கவும் இல்லையே. எங்க அண்ணன் வந்து வாசல்ல நிக்கிறாரு, நாத்தைப் பாத்தா நெஞ்சு எரியுதுங்கிறாரு. அவருக்கு என்ன பதில் சொல்ல? எங்க வீட்டுக்காரர் நடந்துக்கிட்டு இருக்காருன்னா?"

அவன் திரும்பவும் நடந்தான். குழம்பு கொதித்தது. அவள் கரண்டியோடு வந்தாள். அவன் குறுக்கே நின்றான். வலப்பக்கம் போனாள், அவனும் யோசனையில் வலப்பக்கம் நகர்ந்தான்.

"ஏங்க, அடுப்பு அங்க, நான் இங்க. நடுவுல மண்சுவரு மாதிரி நீங்க எதுக்கு? இப்படி நின்னா யாரு போயி யாரோட சேர்றது?"

விடங்கன் நகரவில்லை. அவளையும் அடுப்பையும் தன்னையும் பார்த்தான். பிறகு இலையை எடுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"சோத்தைப் போடு. பெட்டியைப் பரண்ல வை."

மறுநாள் கவைமேட்டில் கூட்டமான கூட்டம். கவை என்றாலும் இரண்டாவது என்றுதான் பொருள், அதனால் அந்த இடத்தின் பெயரையும் சொல்லக் கூடாது என்பதால், "அந்த மேட்டுக்கு வாங்க" என்று கேட்டு, ஊரில் உள்ள எல்லா மேட்டுக்கும் போய்விட்டு வந்தவர்களும் உண்டு. மன்னர் குடையின் கீழ் நிலைகொள்ளாமல் நின்றார். கரைக்காரர் மாசிலாமணி மண்வெட்டியைத் தோளில் சாத்திக்கொண்டு, கரையின் மேல் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் செந்நிற வெள்ளம் கரையை முட்டிக்கொண்டு சுழன்றது. மறுபக்கம் தென்கால் எலும்பு தெரியக் காய்ந்து கிடந்தது.

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. மதுரவாசகர் அடிக்கடி சூரியனைப் பார்த்தார், மரியாதையோடு.

விடங்கன் மாசிலாமணியிடம் போனான். "பெரியவரே, வெட்டுவீங்களா?"

"சொல் வந்தா வெட்டுவேனுங்க. வரலைன்னா, என் தலையே போனாலும் வெட்ட மாட்டேன். கோவிச்சுக்காதீங்க."

"கோவம் இல்லை. கொஞ்சம் இறங்கி நில்லுங்க. நீங்க உக்காந்திருக்கறது ஒரு குத்தவாளி மேல."

மாசிலாமணி எதற்கும் இருக்கட்டும் என்று வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். விடங்கன் மன்னரை வணங்கினான்.

"அரசே, ஒரு முறையீடு. இதோ படுத்திருக்கிறானே, இந்த மண்கரை. மாசி மாதத்திலிருந்து இவன் இங்கேதான் இருக்கிறான். ஓடி ஒளியவும் இல்லை, அவ்வளவு திமிர். அந்தப் பக்கம் ஆறு. இந்தப் பக்கம் வாய்க்கால். தாயும் பிள்ளையும் போல இருக்க வேண்டியவர்கள். நடுவில் படுத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் தொட விடமாட்டேன் என்கிறான். தாங்கள் எந்தச் சொல்லை வெறுக்கிறீர்களோ, அந்தக் காரியத்தை ஆறு மாதமாக இரவு பகல் செய்துவருபவன் இவன்தான். நேற்றுச் சபையில் தாங்கள் தந்த தீர்ப்பை இவனுக்கு வழங்க வேண்டும்."

கூட்டம் கழுத்தை நீட்டிக் கரையைப் பார்த்தது. வெள்ளம் கரையை மோதிக்கொண்டிருந்தது.

"விடங்கா, இது மண்" என்றார் மன்னர்.

"யாராக இருந்தாலும் என்று புலவர் சொன்னார், அரசே."

மதுரவாசகர் முன்னால் வந்தார். "அரசே, இது வெறும் பிதற்றல். மண்ணை எப்படி விசாரிப்பது?"

"விசாரணை வேண்டியதில்லை என்றும் புலவரே சொன்னார். ஆனாலும் நியாயத்துக்குக் கேட்டுவிடுவோம்." விடங்கன் குனிந்து கரையிடம், "நீ சொல்ல ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டான். எல்லோரும் காத்திருந்தார்கள். மாசிலாமணிகூடக் காதைக் கிட்டக் கொண்டு போனார். கரை வாய் திறக்கவில்லை.

"மௌனம் சாதிக்கிறான், அரசே."

மன்னரின் உதட்டோரம் ஏதோ ஊர்ந்தது. மதுரவாசகர் அதைப் பார்த்துவிட்டார். அந்த ஊர்வது சிரிப்பாக முற்றினால் காரியம் கெட்டது என்று அவருக்குத் தெரியும். "கரையைத் தொட உரிமை கரைக்காரருக்கு மட்டுமே உண்டு. அவரோ சத்தியத்தால் கட்டுண்டவர்" என்றார்.

எல்லோரும் மாசிலாமணியைப் பார்த்தார்கள். அவர் மோவாயைச் சொறிந்தார்.

"கரையை வெட்டுறதுதாங்க எங்க வேலை. அதுக்குத்தான் சத்தியம். ஆளைக் கைது பண்ணிக் கொண்டு போறது காவக்காரங்க வேலைங்க. அதுல நான் தலையிட முடியாது."

மன்னர் தன்னை மறந்து வலது கையை நீட்டி, விரலெல்லாம் விரியக் கரையைக் காட்டினார். "அவனைச் சிறைக்குக் கொண்டு செல்லுங்கள்."

காவலர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவர்கள் இதுவரை பிடித்தவர்களுக்கெல்லாம் கழுத்து இருந்தது. விடங்கன் பக்கத்து வயல்காரர்களிடமிருந்து கூடைகளை வாங்கிக் கொடுத்தான். "மொத்த ஆளையும் கொண்டு போகணும் அண்ணே. கால் ஒண்ணு மிச்சம் இருந்தாலும் திரும்ப எந்திரிச்சுக்குவான்."

காவலர் தலைவன் முதல் கடைசிக் காவலன் வரை, ஆளுக்கொரு கூடை குற்றவாளியைத் தலையில் ஏற்றிக்கொண்டு வரிசையாகக் கிளம்பினார்கள். கரை குறையக் குறைய வெள்ளம் எட்டிப் பார்த்தது. மதுரவாசகரின் முகம் வெளுத்தது. தோற்பது நாலு கூடைத் தூரத்தில் இருக்கிறது.

"நிறுத்துங்கள்" என்று அவர் மன்னரின் முன்னால் ஓடினார். "அரசே, இவனுடைய சூது தங்களுக்குப் புலப்படவில்லையா? கரை போனால் ஆறு இரண்டாகப் பிரிந்துவிடுமே."

சொல்லிவிட்டார். வாயைப் பொத்தினார். பொத்துவதற்கு முன் அது வெளியே வந்து, கவைமேடு முழுக்கக் கேட்டுவிட்டது.

காவலர் தலைவன் தலையில் கூடையோடு திரும்பிப் பார்த்தான். சட்டம் சட்டம்தான். ஆனால் கை காலியாக இருக்கிற காவலன் ஒருவன்கூட இல்லை. மிச்சமிருந்த கூடையைப் புலவர் தலையில் ஏற்றி, "நீங்களே நடந்து வாருங்கள், ஐயா" என்றான். அந்தக் கூடையில் இருந்ததுதான் கரையின் கடைசி மண். அது மேலே ஏறவும் வெள்ளம் தென்காலில் பாய்ந்தது. விவசாயிகள் அதோடு கூடவே கரையோரமாக ஓடினார்கள். செங்கமலத்தின் அண்ணன் தலைப்பாகை விழுந்தது தெரியாமல் ஓடினார்.

மன்னர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரே இடத்தில் நின்றார். குடைக்காரருக்கு நம்ப முடியவில்லை.

"விடங்கா, புலவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறதே. இப்போது அந்தக் காரியத்தை ஆறு அல்லவா செய்கிறது?"

"இல்லை அரசே. மேலே நின்று பார்ப்பவருக்கு அப்படித் தெரியும். தென்காலில் நிற்கிறவரைக் கேளுங்கள், ஆறு வந்து சேர்ந்தது என்பார். தங்களுக்கு எது வேண்டுமோ அந்தப் பக்கம் நின்று பாருங்கள்."

மன்னர் சிரித்தார். பல மாதச் சிரிப்பு சேர்ந்து வந்ததில் தோள் குலுங்கிற்று. "கேள் விடங்கா. என்ன வேண்டுமோ கேள். என் நாட்டில் பாதியைக் கேட்டாலும் தருவேன்."

"பாதி தந்தால் தாங்களே அந்தக் காரியத்தைச் செய்தவர் ஆவீர்கள். கூடையும் தீர்ந்துவிட்டது. வெட்டாமல் குறைக்காமல் முழுதாகத் தரக்கூடிய ஒன்றைத் தாருங்கள், அரசே. அந்த ஆணையையே எனக்குப் பரிசாகத் தாருங்கள்."

"திரும்பப் பெறேன் என்று வாளைத் தொட்டுச் சொல்லியிருக்கிறேனே."

"திரும்பப் பெற வேண்டாம். கொடுத்துவிடுங்கள். கொடுத்த பிறகு அது என் பொருள். என் வீட்டு வாசலுக்குள் மட்டும் செல்லும்."

மன்னர் வாளைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார். "தந்தேன்."

"அதில் மாட்டியவர்களையும் சேர்த்தா?"

"அவர்களையும் சேர்த்து."

"அப்படியானால் புலவர் கூடையை இறக்கி வைக்கலாம்" என்றான் விடங்கன். மதுரவாசகர் இறக்கி வைத்து, தலைமண்ணைத் தட்டி, ஆணையைத் தானம் செய்த வள்ளல் என்று மன்னர் மேல் ஒரு வெண்பாவுக்கு அங்கேயே முதலடியை முணுமுணுக்கத் தொடங்கினார்.

"சரி, அந்த ஆணையை வீட்டில் கொண்டுபோய் என்ன செய்வாய்?" என்று கேட்டார் மன்னர்.

"என் மனைவியிடம் கொடுப்பேன், அரசே. எங்கள் வீட்டில் அவள் ஒப்புக்கொள்ளாத சட்டம் எதுவும் அடுப்படியைத் தாண்டியதில்லை."

மன்னர் மறுபடி சிரிக்கத் தொடங்கினார். சிரித்துக்கொண்டே கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி, முழுதாக, விடங்கன் கழுத்தில் போட்டார். அப்புறமும் சிரிப்பு நிற்காததால், குடை பிடித்தவர் ஒரு கையால் குடையையும் மறு கையால் மன்னரையும் பிடித்துக்கொண்டு நின்றார்.